ஈர மரக் குழல்

மரம் பொய் சொல்லாது என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருவன் பலகை எழுதி மாட்டியிருக்கிறான். மரத் தட்டு, மரக் கிண்ணம், மரக் கரண்டி விற்கிற கடை. முட்டுக்காட்டில் படகு ஏறப் போகிறவர்கள் அங்கே இறங்கி அந்தப் பலகையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, பலகையைப் பிடுங்கி, முட்டியில் வைத்து இரண்டாக உடைக்கத் தோன்றும். மரம் பொய் சொல்லும். சொல்ல வைக்கலாம். எவ்வளவு நேரத்தில் சொல்ல வைக்கலாம் என்பதுகூட எனக்குத் தெரியும். ஒரு குச்சி அரக்கு, ஒரு சிட்டிகை மரத்தூள், ஒரு தாழை ஓலை, பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு நர்சம்மாவின் காதை நான் கெடுத்தேன். இது அவரைப் பற்றியது. பேர் சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது வந்து நின்று, "யோவ் கடைசல், மூடு வாய" என்பார்.

முதல் நாளே அவர் என்னிடம் சொன்னது அதுதான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, தார்ச்சாலையிலிருந்து குப்பத்துக்கு மண்பாதை பிரிகிற இடத்தில் என் கடைசல் பட்டறை. தகரக் கூரை, ஒரு மோட்டார், ஒரு பெல்ட், சுழலும் மரம், அதில் பதியும் உளி. வளையல் தாங்கி, உப்பு ஜாடி, செப்புச் சாமான் எல்லாம் வெப்பாலை மரத்தில் கடைந்து சுற்றுலாக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை சுழன்றுகொண்டிருந்த மரம் தானாகத் தளர்ந்து நின்றது. கரண்ட் போய்விட்டது என்று திரும்பினால், வெள்ளைச் சேலையில் ஒரு அம்மா மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். கையில் என் ஃபியூஸ் கட்டை.

"யாரும்மா நீங்க? இன்னா பண்றீங்க?"

"பக்கத்து வூட்டுல ஒரு கொயந்த பேசிகினு கீது. உன் மிசினு போடுற ஊளையில எனுக்கு ஒரு எழவும் கேக்கல."

"பக்கத்து வூட்டுல கொயந்தையே இல்லியேம்மா."

"இன்னும் பொறக்கல. மூடு வாய."

கட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அரைமணி நேரம் கழித்துப் பாதையிலிருந்தே என் மடியில் விழுகிற மாதிரி வீசிவிட்டு மொபெட்டைக் கிளப்பினார். அந்த அரைமணி நேரமும் நான் ஆத்திரத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மின்சார ஆபீசுக்கு எழுதுவேன், கலெக்டருக்கு எழுதுவேன் என்று என் மனைவியிடம் குதித்தேன். அவள் சொன்னாள்: "எய்து. மொதல்ல அந்தம்மா பேரு தெரியுமா உனுக்கு?"

தெரியாது. கரையோரக் குப்பங்களில் யாருக்கும் தெரியாது. நர்சம்மா, அவ்வளவுதான். துணைச் சுகாதார நிலையம் என்று பேர் எழுதிய ஒற்றை அறைக்கும் ஐந்தாறு குப்பத்துக்கும் ஒரே ஆள். எல்லாரையும் திட்டுவார். இரும்பு மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்த பெண்ணை, அவளை எறியவிட்ட மாமியாரை, மாமியாரை எதிர்த்துப் பேசாத புருஷனை, வரிசையாக நிற்க வைத்து ஒரே மூச்சில். ஆனால் திட்டுவது அவர் குணம் என்றால் தப்பு. அவருடைய குணம் கேட்பது. கேட்பதற்கு அமைதி வேண்டும். அமைதியை யாரும் கொடுக்கிற வழக்கமில்லை இந்தக் கரையில். அதனால் பிடுங்கினார்.

ஆடி மாசம் கூழ் ஊற்றும் நாளில் அம்மன் கோவில் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கியிருக்கிறார். விழாக் கமிட்டிப் பையன்கள் வாயடைத்து நிற்க, ஒருவன் மட்டும், "மச்சான், சாமிக்கே மைக்க கட் பண்ணிச்சிடா" என்றானாம். ரிசார்ட் கட்டுகிற இடத்தில் கலவை இயந்திரத்தின் முன்னால் குடையை விரித்து உட்கார்ந்திருக்கிறார். கல்யாண பாண்டு மேளத்தின் தோலில் தன் கையை விரித்து வைத்து, "அடி பாப்போம் இப்ப" என்றிருக்கிறார். ஒருநாள் அலை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தபோது வாசலுக்கு வந்து கடலைப் பார்த்து, "சும்மா இரேன் சனியனே, ஒரு நிமிசம்" என்று கத்தியதைக் குப்பமே பார்த்தது. நர்சம்மா வந்தால் கடலே காலை மடக்கிக்கும் என்று அதற்குப் பிறகு ஒரு பேச்சு.

"ஒரு நிமிசம் கேக்குறதுக்கு, நாள் முச்சூடும் கத்த வேண்டிக் கீது" என்பார். இதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

கேட்கும் விதத்தை என் வீட்டிலேயே பார்த்தேன், என் மனைவி கர்ப்பமான பிறகு. பாயில் படுக்க வைப்பார். அருகே மண்டியிடுவார். வலது காதுத் தோட்டைத் திருகிக் கழற்றுவார். கழற்றியதைப் பையில் போட மாட்டார், யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிடுவார். அந்தத் தோடு கைக்கு வந்தவர் மூச்சுவிடவும் யோசிப்பார். பிறகு ஒரு சாண் நீளக் குழல், கூம்பு வாய் வயிற்றில், தட்டையான மறுமுனை காதில். காது பதிந்ததும் கையை எடுத்துவிடுவார். குழல் வயிற்றுக்கும் காதுக்கும் நடுவே தானாக நிற்கும். கை பட்டால் கையின் நாடி உள்ளே புகுந்துவிடுமாம். மணிக்கட்டின் உட்பக்கம் கட்டிய ஆம்பளைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம். அந்த முகத்தை அப்போது பார்க்க வேண்டும். திட்டித் திட்டி இறுகிய முகம், யாரோ உள்ளேயிருந்து சொல்லும் ரகசியத்துக்குத் தலையாட்டுவது போல மெல்ல அசையும். நான் பாயில் கிடந்த என் மனைவியைவிட அந்த முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

அந்தக் குழல்தான் உடைந்தது. மொபெட் பெட்டியிலிருந்து நழுவி, மணல் ஏற்றிய டிப்பருக்கு அடியில் போய்விட்டது. துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். மோட்டாரை நானே நிறுத்தினேன்.

"இத்த மாதிரி ஒண்ணு போட்டுக் குடு."

பெரிய துண்டை எடுத்து நகத்தால் அழுத்தினேன். நகம்தான் மடங்கியது. பழுத்த தந்தத்தின் மஞ்சள். ரேகையே தெரியவில்லை, மரம் என்று யாராவது சொன்னால்தான் நம்ப முடியும். அவ்வளவு சின்னத் துண்டுக்கு அவ்வளவு எடை. உடைந்த வாயில்கூடச் சிலும்பு இல்லை, வெட்டிய வெண்ணெய் போல. எனக்கு மரம் விற்கும் செங்கல்பட்டு வியாபாரி ஒரு பழைய அளவுகோலைக் காட்டியிருக்கிறார், இதே மஞ்சள், இதே கனம். பாக்ஸ்வுட். குளிர்நாட்டில் புதராக வளர்வது. கை கனத்துக்கு வருவதற்கே ஒரு மனிதனின் ஆயுள் ஆகுமாம். திருகு மரை வெட்டினாலும் உதிராது. அதனால்தான் அளவுகோல், சதுரங்கக் காய், ஊதுகுழல் என்று நுணுக்கமான எல்லாவற்றுக்கும் அதைத் தேடினார்கள். ஒருநாளாவது அதில் உளி வைக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

"இது இங்க கெடைக்காது சிஸ்டர். சீமை மரம்."

"கெடைக்காதுன்னு கேட்டுகினு போறதுக்கா உன்னாண்ட வந்தேன்?"

"சர்க்கார்ல குடுத்தது இருக்குமே?"

பையிலிருந்து ஒரு அலுமினியக் குழலை எடுத்து என் மேசையில் நங்கென்று வைத்தார். "இத்த காதுல வச்சா கடக்காத்து உள்ள பூந்து கூவுது. சில்லுனு பட்டா வயிறு சுருங்கிக்குது. ஆனைய வச்சிக் கேட்டாலும் டங்குனுதான் கேக்கும். மரம்தான்யா வேணும். கெட்டி மரம்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெப்பாலையில் ஒன்று கடைந்து கொடுத்திருக்கலாம், சுமாராகக் கேட்டிருக்கும். ஆனால் கொட்டகை மூலையில் அந்தக் கட்டை கிடந்தது. கடலோரப் பங்களா ஒன்றை இடித்தபோது வேலியில் நின்ற காட்டுக் கறிவேப்பிலையை வேரோடு சாய்த்திருந்தார்கள். வெள்ளைப் பூவும் வாசமுமாக அழகுக்கு வளர்க்கிற செடிதான். பத்திருபது வருஷம் வெட்டிவெட்டி விட்டால் அடிமரம் தொடை கனம் ஆகிவிடும். உள்ளே வெளிர் மஞ்சள், இறுக்கம், ரேகை மறைவு. நம்மூர் பாக்ஸ்வுட் என்று வியாபாரிகள் சொல்வது இதைத்தான். இரண்டாகப் பிளந்து, முனைகளில் மெழுகு தடவி வைத்திருந்தேன். மூன்று வாரம்கூட ஆகவில்லை.

"இருக்கு சிஸ்டர். ஆனா காயணும். நெழல்ல, மரத்தூளுக்குள்ள. ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசம் கயிச்சு பொறந்துக்கங்கடா கண்ணுங்களான்னு எல்லார் வயித்துலயும் சொல்லிட்டு வரட்டா? உன் பொண்டாட்டி வயித்துல மொதல்ல சொல்றேன்."

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் முதல் பொய். பீற்றிக்கொள்ளும் ஆசை. வாளித் தண்ணீரில் அவருடைய உடைந்த துண்டைப் போட்டேன். முழுகியது. என் கட்டையிலிருந்து ஒரு சில்லை வெட்டி அதையும் போட்டேன். அதுவும் முழுகியது.

"பாத்தீங்களா? ரெண்டும் ஒண்ணு."

குனிந்து பார்த்தார். "முழுவுனா?"

"கெட்டின்னு அர்த்தம்."

ஈர மரமும் முழுகும். காய்ந்தால் மிதக்கிற எத்தனையோ மரம் ஈரத்தில் முழுகும், உள்ளே இருக்கிற தண்ணீரே அதைக் கீழே இழுக்கும். கடைசல்காரன் எவனைக் கேட்டாலும் சொல்வான். எனக்கும் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

"அப்ப போடு" என்றார்.

சட்டியில் மணலை வறுத்து, அதில் பாதிக் கட்டையைப் புதைத்து, ஆற ஆற மணலை மாற்றினேன். நாலு நாள். இரண்டு வருஷத்தை நாலு நாளில் வறுத்தெடுத்தேன். ஐந்தாம் நாள் லேத்தில் ஏற்றினேன். இப்போதும் ஒப்புக்கொள்கிறேன், அப்படி ஒரு மரத்தில் நான் அதற்குமுன் உளி வைத்ததில்லை. வெப்பாலை பஞ்சு பஞ்சாக உதிரும். இது நீளநீளமாக ரிப்பன் விட்டது. கூம்பு வாயின் விளிம்பைக் காகித அளவுக்கு இழைத்தேன், உதிரவில்லை. கொட்டகை முழுக்கக் கறிவேப்பிலை வாசம். பசி எடுக்கிற மாதிரி வாசம். அந்த வாசமே எச்சரிக்கைதான். காய்ந்த மரம் அவ்வளவு வாசம் அடிக்காது.

துளை போட்டு முடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது கழுத்தில் ஒரு கோடு. தலைமுடி கனம். வெளியிலிருந்து உள்துளை வரை போயிருந்தது. மண்பாதையில் மொபெட் சத்தம் வந்து பக்கத்து வீட்டில் நின்றது.

மற்றப் பாதிக் கட்டை இருந்தது. குழலை உடைத்துப் போட்டுவிட்டு, இது வெடிச்சிடிச்சு சிஸ்டர், காத்திருங்க என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார். திட்டட்டும், யாரைத் திட்டவில்லை அவர்? ஆனால் நான் மறுபடியும் லேத்தைச் சுழலவிட்டேன். மரத்தூளை விரிசலில் தேய்த்து, மேலே மஞ்சள் அரக்குக் குச்சியை அழுத்தினேன். சுழற்சிச் சூட்டில் அரக்கு உருகிக் கோட்டுக்குள் இறங்கியது. தாழை ஓலையை மடித்து அழுத்தி மெருகேற்றினேன். கோடு இல்லை. தேடிப் பார்த்தேன், எனக்கே தெரியவில்லை.

அவர் வாங்கி நகத்தால் தட்டிப் பார்த்தார். என் நெஞ்சில் வைத்தே கேட்டார். தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு.

"நல்லா கீது" என்றார். அந்த அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. "ஆனா உன் நெஞ்சு இன்னாத்துக்குயா இப்பிடி அடிச்சிக்குது?"

மூன்று வாரம் கழித்து, எட்டாம் மாசத்தில், என் மனைவியின் வயிற்றில் அதே குழலை வைத்தார். தோடு என் மாமியார் கையில். அரை நிமிஷம் போயிருக்கும். முகம் அசைவதை நிறுத்தியது. குழலை நகர்த்தினார். மறுபடி கேட்டார். மறுபடி நகர்த்தினார்.

"நாலு அடிக்குது. ரெண்டு காணாப்பூடுது" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு எழுந்து, "கெளம்பு! இப்பவே!"

தார்ச்சாலையில் கையை அகல விரித்து நின்று ஒரு சுற்றுலா வேனை மறித்தார். உள்ளே வேடந்தாங்கலில் பறவை பார்க்கக் கிளம்பிய குடும்பம், கழுத்தில் தூரநோக்கியோடு. "பறவ எங்கியும் போவாது, எறங்கு" என்று அத்தனை பேரையும் இறக்கிவிட்டு எங்களை ஏற்றினார். செங்கல்பட்டு வரைக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். என் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். எனக்கு அந்தக் கோடு மட்டும்தான் கண்முன் நின்றது. மரம் காயக் காய அரக்கு பிடி விட்டிருக்கும், காதை அழுத்தும்போது விரிசல் மூடும், தளர்த்தினால் திறக்கும். நாலு கேட்கும், ரெண்டு தப்பும். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. ஒருவேளை நிஜமாகவே குழந்தைக்கு ஏதாவது இருந்தால் என்ற சாக்கு கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

அங்கே ஆஸ்பத்திரியில் மெஷினை வைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி சீராக, அழகாக அடித்தது என் மகளின் இதயம். ஒரு அடிகூடத் தப்பவில்லை. டாக்டர் பையன் மேசையில் கிடந்த குழலைத் தூக்கிப் பார்த்தான். "இது என்ன சிஸ்டர், அடுப்பு ஊதுறதா?"

அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். குழந்தை பிழைத்த சந்தோஷம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். த்தூ.

யாரோ புகார் எழுதினார்கள். ஒரு மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி, எங்கள் பாதையிலேயே நிறுத்தி விசாரித்தார். "உங்களுக்குக் காது டெஸ்ட் எடுத்து எத்தனை வருஷம் ஆச்சும்மா?" என்று சத்தமாக, செவிடரிடம் பேசுவது போல வாயை அகட்டிக் கேட்டார். குப்பத்து ஜனம் வேடிக்கை பார்த்தது. பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பி, "நீதான செஞ்சது? குழல்ல ஏதாவது கோளாறு உண்டா?"

நர்சம்மா என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை அது, அவருக்குக் கெஞ்சத் தெரியாது. வாளிக்குள் குனிந்து பார்த்தபோது இருந்த அதே பார்வை. சொல்றவனுக்குத் தெரியும் என்ற பார்வை.

"இல்ல சார். நல்ல மரம்" என்றேன்.

எத்தனை வருஷம் ஆனாலும் அந்த நாலு வார்த்தை என் வாயில் பாகற்காய் விதை மாதிரி கிடக்கிறது. கடிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மரக்குழல் கூடாது, சர்க்கார் கொடுத்ததை மட்டும் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார் அவர். என் மகள் சுகமாகப் பிறந்தாள். நர்சம்மா வந்து எடை போட்டார், ஊசி போட்டார். யாரையும் திட்டவில்லை. எதிர் வீட்டுப் பெண்ணுக்குச் சோதனை பார்க்க வந்தபோது என் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன், இப்போது வருவார், ஃபியூஸைப் பிடுங்குவார் என்று. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் நானே நிறுத்தினேன். அதற்குள் அவர் மொபெட்டில் ஏறிவிட்டார்.

"இன்னாயா, நர்சம்மா தோட்ட கயட்டவே இல்ல" என்றாள் என் மனைவி. "சும்மா வச்சாங்க, எடுத்தாங்க. கேக்குதா கேக்கலியான்னு அவங்களுக்கே நம்பிக்க இல்லாத மாதிரி கீது."

அப்போதாவது நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாளைக்குச் சொல்லலாம், பிள்ளைக்குப் பேர் வைத்த பிறகு சொல்லலாம், மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

மழை விட்ட பிறகு அது நடந்தது. குப்பத்தின் தென்கோடி வீட்டில் ஒரு பெண், தலைப்பிரசவம், நாள் நெருங்கியிருந்தது. நர்சம்மா அலுமினியக் குழலை வைத்துக் கேட்டார். அடி மெதுவாகிக்கொண்டு போனது. பழைய நர்சம்மாவாக இருந்தால் அடுத்த நிமிஷம் சாலையில் கையை விரித்து நின்றிருப்பார். இவர் மறுபடி கேட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். மறுபடி கேட்டார். வாசலுக்கு வந்து தன் காதைத் தானே உள்ளங்கையால் அடித்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு வண்டி பிடிக்கச் சொன்னார். போய்ச் சேர்ந்தபோது குழந்தை இல்லை.

சித்திரை வெயிலில் என் பட்டறைக்கு வந்தார். என் மோட்டாரை நிறுத்தவில்லை, சத்தத்துக்கு நடுவிலேயே மேசையில் குழலை வைத்தார். மொபெட் பெட்டியில் மாசக்கணக்கில் கிடந்திருக்கிறது. சூட்டில் அரக்கு கசிந்து வழிந்து, கழுத்தில் கோடு வாயைத் திறந்திருந்தது. நான் மோட்டாரை நிறுத்தினேன். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, மிச்சமிருந்த அரக்கை விரிசலிலிருந்து நோண்டி எடுத்தார். பொறுமையாக. ஒவ்வொரு துணுக்காக என் முன்னால் வரிசையில் வைத்தார்.

"இது வெயில்ல வந்த வெடிப்பு இல்ல. வெடிச்சப்பறம் அடச்சிக் கீற. எனுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடியே."

"ஆமா சிஸ்டர்."

"ஜீப்புக்காரன் கேட்டப்பவும் தெரியும்."

"தெரியும்."

இப்போது கத்துவார் என்று தலை குனிந்தேன். கத்தினார். அந்தக் கத்தலில் தகரம் அதிர்ந்தது. "நாலு மாசம்யா! நாலு மாசம் ராவு பகலு என் காதே என்னிய ஏமாத்துதுன்னு நெனச்சிகினு இருந்தேன்! காதுல எண்ண வுட்டேன். சுருட்டுப் பொகைய மந்திரிச்சி காதுல ஊதிகினு வந்தேன். நானு! ஊருக்கெல்லாம் மந்திரிக்காதடின்னு சொல்றவ! ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தீனா..."

அங்கே நிறுத்தினார். எதை நினைத்து நிறுத்தினார் என்று இருவருக்கும் தெரியும்.

"ஆபீசுக்கு எழுதிக் குடுக்குறேன் சிஸ்டர். இன்னிக்கே."

"ஆபீசு கெடக்கட்டும். ஏறு."

ஆபீசுக்கும் பிறகு எழுதிக் கொடுத்தேன். மரமென்றால் வெடிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அந்த அதிகாரி காகிதத்தை மடித்து எதற்கோ அடியில் செருகினார். அவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. எனக்கும் ஆகவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என் பல் நறநறக்கிறது.

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போனேன். தென்கோடி வீட்டு வாசலில் அந்தப் பெண் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நர்சம்மாவை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கரையில் படகு இழுக்கிற எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. ரெண்டு வீடு தள்ளி மஞ்சள் நீராட்டுக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். எங்கேயோ ஐஸ் உடைத்தார்கள்.

நர்சம்மா தெரு நடுவில் போய் நின்றார். மாதக்கணக்காகக் கேட்காத குரல்.

"எஞ்சின நிறுத்துடா! செட்டு போட்டவன் எவன்டா, வயர புடுங்கட்டா? ஏய், ஐஸு! கட்டைய கீழ போடு!"

எஞ்சின் நின்றது. பாட்டு நடு வரியில் அறுந்தது. ஐஸ் உடைத்தவன் கட்டையை ஓங்கியபடியே நின்றான். குப்பம் முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. கடல் மட்டும்தான்.

திரும்பி வந்தார். வலது காதுத் தோட்டைக் கழற்றினார். அந்தப் பெண்ணின் உள்ளங்கையில், கருவாட்டு உப்பின் மேலேயே, வைத்து விரல்களை மடக்கினார். பிறகு காதை என் பக்கம் திருப்பி நின்றார்.

"பேசு" என்றார் என்னைப் பார்க்காமல்.

பேசுகிற விஷயத்தில், மூடு வாய என்பதைத் தவிர அந்த வாயிலிருந்து எனக்கு வேறு உத்தரவு வந்ததே இல்லை.

"அந்த மரக்குழல் நான் செஞ்சதும்மா. காயாத மரம். வெடிச்சிடுச்சு. தெரிஞ்சே அடச்சிக் குடுத்தேன். அத்தாலதான் என் பொண்டாட்டி வயித்துல தப்பாக் கேட்டுச்சு. ஜீப்புல வந்தவங்க கேட்டப்பவும் மறச்சிட்டேன். நர்சம்மா தன் காது கெட்டுப்போச்சுன்னு நெனச்சிகினாங்க. அவங்க காது நல்லாத்தான் கீது."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"உன் கொயந்த?"

"நல்லா கீது."

"பொண்ணா?"

"பொண்ணு."

தலையாட்டினாள். இரண்டு கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். பிறகு நர்சம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்ப அன்னிக்கு என் வயித்துல உனுக்குக் கேட்டது... நெசமாத்தான் கேட்டுச்சா?"

இந்தக் கேள்விக்குத்தான் என்னை அவர் அழைத்து வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது கெட்டதென்றால் விதி. காது நல்லதென்றால், கேட்டும் உட்கார்ந்திருந்த அந்த நேரம் அவருடையது. தன் காதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தவர், அதற்கு அடியில் இருந்ததையும் சேர்த்து எடுத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறார். தெருவையே வாயடைக்க வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி.

"கேட்டுச்சு" என்றார் நர்சம்மா. "மொத தபாவே கேட்டுச்சு."

அந்தப் பெண் கையைத் திறந்து தோட்டைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை. நர்சம்மா கேட்கவும் இல்லை. வண்டியைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே குப்பத்தைத் தாண்டினார். நான் பின்னால் நடந்தேன். நாங்கள் தார்ச்சாலை ஏறும் வரை யாரும் எஞ்சினையும் போடவில்லை, பாட்டையும் போடவில்லை.

கட்டையின் மற்றப் பாதி இன்னும் என் பட்டறையில் கிடக்கிறது. எப்போதோ காய்ந்துவிட்டது. கொஞ்ச நாள் முன்பு வாளியில் போட்டுப் பார்த்தேன். முழுகவில்லை. தலைமுடி அளவு மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு மிதந்தது. அதில் உளி வைக்க எனக்குக் கை வரவில்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில். ஓய்வு பெற்று அச்சரப்பாக்கம் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கிளம்பாமல் எஞ்சினை உறும விட்டுக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸின் முன்னால் குடையோடு நின்று, "நிறுத்துயா! எவ்ளோ நேரம் ஊளை வுடுவ?" என்று டிரைவரிடம் கத்திக்கொண்டிருந்தார். டிரைவர் நிறுத்தினான். ஜனங்கள் சிரித்தார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் தூணோரம் ஒதுங்கினேன்.

இடது காதில் தோடு இருந்தது. வலது காதில் துளை தூர்ந்திருந்தது.